கப்பல் வைஃபைக்கு நான் கட்டிய தண்டம்

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு, திரும்பவும் சிங்கப்பூரிலேயே இறங்குகிற ஐந்து ராத்திரிக் கப்பல் பயணம் போய் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் சாப்பாடு ஒத்துக்கொண்டதா, தலை சுற்றியதா, அறை எப்படி என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் குறை சொல்ல முடியாது. யாருமே கேட்காத ஒரு விஷயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கப்பலில் இன்டர்நெட். கையை விட்டுப் போனது பதினோராயிரத்து இருநூற்றுச் சொச்சம். கைக்கு வராமலே போனது ஒரு கல்யாண ஆர்டர். பாதி ராத்திரியில் ஐந்தாவது டெக்கில் நின்றுகொண்டு அழாத குறையாக இருந்தது தனிக் கணக்கு. போகிறதுக்கு முந்தி யாராவது பத்து நிமிஷம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குக் கோட்டையூர். காரைக்குடித் தறிக்காரர்களிடம் கண்டாங்கிச் சேலை எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். 2019-ல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க் கேள்வி கூடியது. கடை என்று தனியாக இல்லை. ஒரு போன், ஒரு லேப்டாப், வளவில் ஒரு மேசை, அவ்வளவுதான் கடை. அப்பச்சிக்கு எழுபது முடிந்து, அதற்கான சாந்திச் சடங்கு நல்லபடி நடந்தது. (எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி, அம்மாவை ஆத்தா, அக்காவை ஆச்சி என்போம்.) சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, "அப்பச்சியையும் ஆத்தாவையும் ஒரு தடவை கப்பல்ல கூட்டிட்டுப் போவோம்"னு டிக்கெட் போட்டான். கடைசி நேரத்தில் அவனுக்கு ஆபீஸில் லீவு ரத்தாகிவிட்டது. எங்க வீட்டுக்காரர் பார்சல் அனுப்ப வேண்டும் என்று ஊரிலேயே தங்கிவிட்டார். ஆக, கப்பலில் ஏறியது அப்பச்சி, ஆத்தா, பதினாலு வயசு மகன், நான். எங்களிடம் இருந்த கருவிகள்: என் போன், லேப்டாப், மகனுடைய டேப், அப்பச்சி போன், ஆத்தா போன். இதையெல்லாம் பார்த்துக்கொள்கிற ஒரே ஆள் கரையிலேயே நின்றுவிட்டான்.

துறைமுகத்தில் விடும்போது தம்பி சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "ஆச்சி, ஒரு டிவைஸ் பிளான் வாங்கிட்டேன். அதுவே போதும். ஒருத்தர் பாத்துட்டு லாக் அவுட் பண்ணிட்டா அடுத்தவங்க பாத்துக்கலாம்." அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. என் காதில் விழுந்தது "அதுவே போதும்" மட்டும்தான். கப்பல் கம்பெனிகள் ஒரு டிவைஸ், இரண்டு டிவைஸ், நாலு டிவைஸ் என்று பிளான் விற்பது ஒரே சமயத்தில் எத்தனை கருவி உள்ளே இருக்கலாம் என்ற கணக்கில். எத்தனை கருவியில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம் என்பதற்குப் பெரும்பாலும் தடையில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லலாம். பங்காளிகள் எட்டுப் பேருக்குப் பொதுவான பெரிய வீட்டுக்கு முகப்புச் சாவி ஒன்றுதான். யாரும் திறந்து உள்ளே போகலாம். ஆனால் சென்னையில் இருக்கிற பங்காளி சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிட்டால் மற்ற ஏழு பேருக்கும் திண்ணைதான். கப்பலில் எனக்கு நடந்தது அதுதான், மூன்று விதமாக.

தம்பி செய்த ஒரு நல்ல காரியம், ஏறுவதற்கு முன்னாலேயே பிளான் வாங்கியது. ஒரு நாளுக்கு 18 அமெரிக்க டாலர் வீதம் ஐந்து நாளுக்கு 90 டாலர். அதையே கப்பலில் ஏறிய பிறகு வாங்கப் போனால் ஒரு நாளுக்கு 30 டாலர் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். எப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்றால் வீட்டிலிருந்தே வாங்கிவிடுங்கள்.

முதல் நாள் சாயங்காலம் கப்பல் ஆப்பில் கேபின் நம்பரும் பிறந்த தேதியும் கொடுத்ததும் போனில் நெட் வந்துவிட்டது. வேகத்தைப் பற்றி ஒரு குறையும் இல்லை. முன்னெல்லாம் கப்பல் இன்டர்நெட் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற செயற்கைக்கோள் வழியாகத்தான் வரும். நாம் கேட்டது மேலே போய்த் திரும்பி வரவே அரை நொடிக்கு மேல் ஆகும் என்பதால் வீடியோ கால் எல்லாம் விக்கி விக்கித்தான் ஓடும். 2022-லிருந்து பல கப்பல்களில் ஸ்டார்லிங்க் வந்துவிட்டது. அந்தச் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் கிட்டத்தட்ட வீட்டு வைஃபை மாதிரிதான். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு எல்லாரும் சேர்ந்து பார்க்கும்போது கொஞ்சம் இழுக்கும். விடிகாலையில் பறக்கும். என் தொல்லை வேகத்தில் இல்லை, எண்ணிக்கையில்.

போனில் வேலை முடிந்தது, லேப்டாப்பில் அன்றைய ஆர்டர் கணக்கைப் போடலாம் என்று திறந்தேன். அளவு தீர்ந்துவிட்டது, வேறு கருவி உள்ளே இருக்கிறது என்றது. போனில் வைஃபையை அணைத்தேன். அப்போதும் அதே பதில். போனையே அணைத்தேன். அதற்கும் அதே பதில். முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. எனக்குத் தெரியாமல் போனது இதுதான்: வைஃபையை அணைப்பது வேறு, லாக் அவுட் செய்வது வேறு. வைஃபையை அணைத்தால் நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள் என்று கப்பலுக்குத் தெரியாது. சாவி இன்னும் உங்கள் பையில்தான் இருக்கிறது என்று அது காத்துக்கொண்டிருக்கும். ஆப்பில் இன்டர்நெட் பக்கத்துக்குப் போய் அங்கே இருக்கிற பொத்தானை அழுத்தி வெளியே வர வேண்டும். ஏறின உடனே, எந்த வேலைக்கும் முந்தி, இரண்டு கருவியை வைத்துக்கொண்டு ஒருமுறை உள்ளே போய், வெளியே வந்து, அடுத்ததில் உள்ளே போய்ப் பழகிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

எப்படியோ லேப்டாப்பில் நெட் வந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், மெயில்களுக்குப் பதில் எழுதினேன். அந்த இரண்டு மணி நேரமும் போனில் நெட் இல்லை என்பது என் மூளையில் ஏறவே இல்லை. அதே நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்குச் சுற்றத்தாருக்கு எடுத்துக் கொடுக்கப் பன்னிரண்டு கண்டாங்கி கேட்டு மெசேஜ் மேல் மெசேஜ் போட்டிருக்கிறார். அவருக்கு ஒற்றை டிக்தான் தெரிந்திருக்கும். சேலை ஒன்று 1,450 ரூபாய், பன்னிரண்டுக்கு 17,400. தூங்கப் போகும் முன் போனில் உள்ளே போனால் கடைசி மெசேஜ், "பரவாயில்லைம்மா, வேற இடத்துல பாத்துக்கிட்டோம்." வியாபாரத்தில் இது சகஜம்தான். ஆனால் போனும் கையில், நெட்டும் காசு கொடுத்து வாங்கி, ஆளும் முழிச்சிருந்து போனது என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பை லேப்டாப்பில் இணைத்து வைத்திருந்தால் போனில் நெட் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு போனோடு நாலு கருவி வரை இணைக்கலாம். இணைத்த கருவி தன்னந்தனியாகவே மெசேஜ் வாங்கும், அனுப்பும். போனைப் பதினாலு நாள் தொடாமல் விட்டால்தான் இணைப்பு அறுந்துபோகும். அப்படியானால் உடனே கேபினிலேயே இணைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். இணைக்கிற அந்த நிமிஷத்தில் போன், லேப்டாப் இரண்டிலும் நெட் வேண்டும். ஒரு டிவைஸ் பிளானில் அது எப்படி முடியும்? ஆகவே இதை வீட்டிலேயே செய்துவிட்டுப் புறப்படுங்கள். நான் பினாங்கில் இறங்கிய பிறகுதான் செய்ய முடிந்தது. ஒரு டிவைஸ் பிளானை வைத்துக்கொண்டு வியாபாரம் பார்க்க நினைக்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

இரண்டாம் நாள் முழுக்கக் கடல். காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தால் அப்பச்சி மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தமாகப் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். தேவகோட்டையில் இருக்கிற சினேகிதர். "நடுக்கடல்ல இருந்து பேசுறேன்யா!" முகமெல்லாம் சிரிப்பு. கப்பல் வைஃபையில் பேசுகிறார் போலிருக்கிறது என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகுதான் பக்கென்றது. வைஃபை சாவி அப்போது என் போனில் அல்லவா இருக்கிறது.

போனை வாங்கிப் பார்த்தேன். நம்ம ஊர்க் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 901 என்று தொடங்கும் ஒரு எண். கப்பலுக்குள்ளேயே ஒரு சின்ன மொபைல் டவர் இருக்கிறது. கரையோரத்தை விட்டு விலகியதும் அதைப் போட்டுவிடுகிறார்கள். நம் போன் தானாகப் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். இந்திய நெட்வொர்க்குகளுக்கு இந்த இடத்தில் வரும் எண் 404, 405. இந்த 901 எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத எண், கப்பல் மாதிரியானவற்றுக்கு ஒதுக்கியது. அதாவது சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்துக்கென்று நாம் போட்டிருக்கிற ரோமிங் பேக் இங்கே செல்லாது. இந்த டவருக்கு விலையே தனி. அப்பச்சி போன் போஸ்ட்பெய்டு, டேட்டா ரோமிங்கும் திறந்தே கிடந்தது. ஏழு நிமிஷப் பேச்சு ஒரு பக்கம். அவருடைய மூன்று வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து பூவும் முருகனுமாக வந்து இறங்கிய காலை வணக்கப் படங்கள் இன்னொரு பக்கம்.

"டவர் கெடைக்குது, நல்லாக் கேக்குது, ஏன்த்தா புடுங்குறே?" என்றார். என்ன சொல்ல? சாந்திக்காகக் கூட்டிக்கொண்டு வந்த மனிதரை இரண்டாம் நாளே வையவா முடியும்? கப்பல் கிளம்புவதற்கு முன்னாலேயே எல்லாருடைய போனிலும் ஃப்ளைட் மோடு போட்டு, அதன் மேல் வைஃபையை மட்டும் திறந்து விட வேண்டும். ஃப்ளைட் மோடில் வைஃபை வேலை செய்யாது என்று நினைத்துத்தான் நான் போடாமல் விட்டேன். நன்றாக வேலை செய்கிறது. இரண்டு சிம் உள்ள போனில் ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பெரியவர்கள் போனில் நீங்களே உங்கள் கையால் செய்யுங்கள். சொன்னால் தலையாட்டுவார்கள், செய்ய மாட்டார்கள். ப்ரீபெய்டாக இருந்தால் இருக்கிற காசோடு போய்விடும். போஸ்ட்பெய்டுக்கு அந்தத் தடுப்பும் கிடையாது.

எங்களுக்குள் பேசிக்கொள்ள இந்த டவரும் வேண்டாம், பிளானும் வேண்டாம் என்பது அன்றைக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. கப்பல் வைஃபையில் சும்மா இணைந்தாலே, காசு கட்டாமலே, கப்பல் ஆப் வேலை செய்தது. அதிலேயே சாட்டும் இருந்தது. சில கப்பல்களில் அதற்குச் சின்னக் கட்டணம் உண்டு, எங்கள் கப்பலில் இல்லை. "அப்பச்சி எந்த டெக்கில இருக்காங்க?" என்று தேடி மகனை மாடி மாடியாக ஓட விட்டது வீண். ஆத்தா மட்டும் கடைசிவரை அந்த ஆப்பைத் தொடவில்லை. "நான் எங்கயும் போகப் போறதில்ல, ரூமுக்கு வந்தா இருப்பேன்" என்றார். ஐந்து நாளில் எந்தத் தொந்தரவும் கொடுக்காத ஒரே கருவி ஆத்தாவின் போன்தான்.

மூன்றாம் நாள் பினாங்கு. சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் பினாங்குத் தெரு நடக்கிற தூரம்தான். எங்க ஐயா, அப்பச்சிக்கு அப்பா, அந்தத் தெருக் கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் லேவாதேவிக் கடைகள் இருந்த கட்டிடத்தில், மூன்று வருஷத் தவணைக்கு வேலை பார்த்தவர். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன காலத்தில் நாகப்பட்டினத்தில் ராஜுலா ஏறினால் இந்தத் துறையில்தான் இறங்குவார்களாம். 1926-ல் கட்டிய கப்பல், 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அப்பச்சி துறையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "ஐயா போயிச் சேந்த கடுதாசி வர்றதுக்குள்ள ஆயாவுக்குப் பாதி உசிரு போயிரும்பாங்க" என்றார். இரண்டு மணி நேரம் நெட் இல்லாததற்கு முந்தின நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

கரையில் ஒரு உள்ளூர் சிம் போட்டதும் எல்லாம் சுலபமாகிவிட்டது. அங்கே என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தால் லேப்டாப், டேப், அப்பச்சி போன் எல்லாமே ஓடியது. யாரும் கருவியை எண்ணவில்லை. வாட்ஸ்அப்பை லேப்டாப்பில் இணைத்தேன். எங்க வீட்டுக்காரரோடு அரை மணி நேரம் வீடியோவில் பேசினேன். போட்டோக்கள் மேலே ஏறட்டும் என்று விட்டேன். கனமான வேலையையெல்லாம் இப்படித் துறைமுக நாளுக்குத் தள்ளி வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரு எச்சரிக்கை: உள்ளூர் சிம் போடுவதற்காக நம்ம ஊர் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டால் பணம் அனுப்புகிற யூபிஐ ஆப்கள் மறுபடி சரிபார்க்கச் சொல்லி நிற்கும். இரண்டாவது குழியில் போடுங்கள், அல்லது ஈசிம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் அந்த ராத்திரி. அன்று 19-ம் தேதி. மறுநாள் 20, மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் 3பி-க்குக் கடைசி நாள். தவறினால் நாளுக்கு ஐம்பது ரூபாய் தாமதக் கட்டணம். தொகை பெரிதில்லை, ஆனால் ஐந்து வருஷத்தில் ஒரு மாதம்கூட நான் தவறவிட்டதில்லை. ஆடிட்டர் ஆபீஸில் எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். நான் ஓடிபி மட்டும் சொல்ல வேண்டும். 19-ம் தேதி நம்ம ஊர் நேரம் ராத்திரி எட்டுக்குள் முடித்துவிடலாம் என்று பேச்சு. கப்பல் நேரம் சிங்கப்பூர் நேரம், நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. ஆகவே எனக்குப் பத்தரை மணி.

பத்து மணிக்கு ஆப்பைத் திறந்தால் வேறு கருவி உள்ளே இருக்கிறது என்கிறது. நான் லாக் அவுட் செய்துவிட்டுத்தான் சாப்பிடப் போயிருந்தேன். மகனைப் பார்த்தேன். முகம் மாறிவிட்டது. கேபின் நம்பர் அவனுக்குத் தெரியும், என் பிறந்த தேதி தெரியாதா? சாப்பாட்டு நேரத்தில் டேப்பில் உள்ளே போயிருக்கிறான். "சரி, டேப்பைக் குடு, நான் வெளிய வந்துக்கறேன்" என்றேன். டேப் பிள்ளைகள் விளையாடுகிற கூடத்தில் இருக்கிறது. கூடம் பூட்டியாகிவிட்டது. நாளை காலை பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். சாவியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிய பங்காளி.

ஐந்தாவது டெக்கில் உதவி மேசை. எனக்கு முன்னால் நீண்ட வரிசை. நாற்பது நிமிஷம் நின்றேன். முறை வந்தபோது அந்தப் பெண் நிதானமாக, இன்டர்நெட் பார்க்கிறவர்கள் காலை ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள், அவசரம் என்றால் ஒரு நாள் பிளான் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். முப்பது டாலர். ஊரில் ஆடிட்டர் ஆபீஸ் பையன் எங்க வீட்டுக்காரருக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்பான், அவர் எனக்குப் போட்டுக்கொண்டிருப்பார், நான் ஃப்ளைட் மோடில் நிற்கிறேன். கண் கலங்கிவிட்டது. ஜிஎஸ்டிக்காக இல்லை. இத்தனை பேர் நடுவில் கேட்க ஒரு ஆள் இல்லையே என்று. வாங்கினேன். அட்டைக்காரன் அந்நியச் செலாவணிக்கென்று பிடிக்கிற மூன்றரை சதவீதமும் அதற்கு வரியும் சேர்ந்து 2,750 ரூபாய் ஆயிற்று.

லேப்டாப்பில் நெட் வந்த பிறகு இன்னொரு திகில். ஓடிபி போனுக்குத்தானே வரும்? எஸ்எம்எஸ் பெரும்பாலும் வைஃபையில் வராது. ஃப்ளைட் மோடை எடுத்தால் அந்த 901 டவர் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. வாட்ஸ்அப் வெப்பில் ஆடிட்டர் ஆபீஸ் பையனிடம் கேட்டேன். "அக்கா, மெயிலுக்கும் வரும்க்கா, மெயிலைப் பாருங்க." வந்திருந்தது. ஜிஎஸ்டி ஓடிபி பதிவு செய்த போன், மெயில் இரண்டுக்கும் வருகிறது, இவ்வளவு நாள் நான் மெயிலைப் பார்த்ததே இல்லை. பதினொன்றரைக்கு ரிட்டர்ன் போயிற்று. இந்த வசதி எல்லா வங்கிக்கும் கிடையாது. உங்கள் வங்கி ஓடிபியை மெயிலுக்கும் அனுப்புமா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பாது என்றால் பணம் கட்டுகிற வேலையை எல்லாம் முன்கூட்டி முடித்துவிடுங்கள், அல்லது கரையில் நிற்கிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு முதல் ஆளாக இன்டர்நெட் மேசையில் நின்றேன். அங்கிருந்த பையன் என் போனை வாங்கி, ஆப்பில் இன்டர்நெட் பக்கத்தைக் கீழே, கீழே, இன்னும் கீழே தள்ளிக்கொண்டே போனான். அடியில் என் பெயரில் பதிவான கருவிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீக்கு என்று ஒரு பொத்தான். டேப்பை ஒரு தட்டில் நீக்கினான். அந்தப் பக்கத்தைப் பார்க்க நெட் வேண்டியதில்லை, கப்பல் வைஃபை போதும். நான் ராத்திரியே கேபினில் கட்டிலில் படுத்துக்கொண்டே செய்திருக்கலாம். முப்பது டாலரைத் திருப்பித் தரக் கேட்டேன், பயன்படுத்திவிட்டீர்களே என்றான். எல்லாக் கப்பலிலும் இந்தப் பட்டியல் இதே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏறின அன்றைக்கே, "இன்னொரு கருவியை இங்கிருந்தே எப்படி வெளியேற்றுவது?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இன்னொரு வேடிக்கை, என் போன் இரண்டு முறை இருந்தது. இப்போதைய போன்கள், பின்தொடர்கிறவர்களிடமிருந்து காப்பாற்ற, வைஃபையில் தன் சொந்த அடையாள எண்ணைச் சொல்லாமல் ஒரு புனை எண்ணைச் சொல்லும். ஆண்ட்ராய்டில் 10-லிருந்தும், ஐபோனில் ஐஓஎஸ் 14-லிருந்தும் இப்படித்தான். முதல் நாள் நெட் வராத கலவரத்தில் மகன் ஏதோ வீடியோவில் பார்த்து அந்த அமைப்பை மாற்றியிருக்கிறான். போன் புது எண்ணோடு போய் நின்றதும் கப்பல் அதைப் புது ஆளாக எண்ணிவிட்டது. கப்பல் வைஃபைக்கு மட்டும் அந்த எண் மாறாமல் ஒரே நிலையில் இருக்கும்படி முதலிலேயே வைத்துவிட்டு, பயணம் முடியும்வரை அதைத் தொடாதீர்கள். உள்ளே போகிற பக்கமே திறக்காமல் முரண்டு பிடித்தால் போன் அமைப்பில் விபிஎன், பிரைவேட் டிஎன்எஸ் என்று இருக்கிற இரண்டையும் அணைத்துப் பார்க்கச் சொன்னான் அந்தப் பையன்.

எதிர்க் கேபினில் மதுரைக்காரர் ஒருவர். ஒரு டிவைஸ் பிளானில் குடும்பமே நெட் பார்த்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் லேப்டாப்பில் நெட்டை வாங்கி அதிலிருந்தே ஹாட்ஸ்பாட் விட்டிருந்தார். கப்பல் கண்ணுக்கு லேப்டாப் ஒன்றுதான் தெரியும். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் வைஃபையை வாங்கி வைஃபையாகவே விட முடியும், ஐபோனில் முடியாது. நானும் ஒரு மணி நேரம் செய்து பார்த்தேன், ஓடியது. பிறகு பிளானின் விதிமுறையைப் படித்தேன், பகிரக் கூடாது என்று போட்டிருந்தது. நிறுத்திவிட்டேன். சில கப்பல்களில் கண்டுகொள்வதில்லை என்கிறார்கள். படித்துவிட்டு அவரவர் முடிவு செய்யலாம். ஆனால் சின்ன ரவுட்டர் வாங்கிக்கொண்டு போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பல கப்பல்களில் தடை செய்த பொருள் பட்டியலில் இருக்கிறது. எங்கள் வரிசையில் ஒருவரிடம் வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் கொடுத்தார்கள்.

இனி ஒருமுறை போனால் என்ன வாங்குவேன் என்று தம்பி கேட்டான். இரண்டு டிவைஸ் பிளான் ஏறுவதற்கு முன் வாங்கினால் நாளுக்கு 32 டாலர் என்றிருந்தது, ஐந்து நாளுக்கு எழுபது டாலர் கூடுதல். அப்பா அம்மா, பிள்ளைகளோடு ஊர் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை, ஒன்றே தாராளம். பிள்ளைகளுக்கு வேண்டிய படம், பாட்டு, வரைபடம் எல்லாம் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். ஊரில் தொழில் நடக்கிறது, நாலு பேர் நம்மைத் தேடுவார்கள் என்றால் இரண்டு வாங்குங்கள். ஒன்றை உங்கள் கருவியில் போட்டு யாருக்கும் கொடுக்காதீர்கள், மற்றதை வீட்டார் சுற்றிக்கொள்ளட்டும். நான் முதலிலேயே அதைச் செய்திருந்தால் ஆறாயிரத்துச் சொச்சம் கூடுதலாகப் போயிருக்கும், ஆனால் அந்தக் கல்யாண ஆர்டர் கையில் நின்றிருக்கும். எதை வாங்கினாலும் போட்டோ தானாக மேலே ஏறுவது, வாட்ஸ்அப் படங்கள் தானாக இறங்குவது, விண்டோஸ் அப்டேட் இந்த மூன்றையும் நிறுத்திவிட்டு ஏறுங்கள். நம் முறை வந்து கிடைக்கிற அரை மணி நேரத்தை இவை மூன்றுமே தின்றுவிடும்.

திரும்பி வந்து இரண்டாவது வாரம் அப்பச்சியின் பில் வந்தது. வழக்கமான தொகைக்கு மேல் 8,460 ரூபாய். ஏழு நிமிஷப் பேச்சும் காலை வணக்கப் படங்களும். நான் கட்டிவிடுகிறேன் என்று சொல்லியும் கேட்காமல் காரைக்குடிக்குப் பஸ் ஏறிப் போய் அவரே கட்டிவிட்டு வந்தார். பில்லை மடித்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. போன வாரம் ஒரு நாள் மதியத்திலிருந்து அவருக்குப் போன் போகவே இல்லை. சிங்கப்பூரிலிருந்து தம்பி பதறிப்போய், "ஆச்சி, அப்பச்சி எங்கே?" என்று கூப்பிட்டான். ஓடிப்போய்ப் பார்த்தால் முகப்பில்தான் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் போன். திரையின் ஓரத்தில் சின்னதாக விமானக் குறி.